எதை நிறுத்துவது, எப்போது திரும்பச் சேர்ப்பது

நாட்பட்ட வயிற்றுக் கோளாறு உள்ளவர்களின் சாப்பாடு பெரும்பாலும் ஒரே விதமாகத்தான் சுருங்கிக்கொண்டு போகிறது. முதலில் பால் நிற்கும். அடுத்து காரம். ‘வாய்வு’ என்று யாரோ சொன்னதால் உருளைக்கிழங்கு, வாழைக்காய், மொச்சை. பிறகு புளி, கத்தரிக்காய், முட்டை. இரண்டு மூன்று வருடங்களில் ரசம் சாதமும் இட்லியும்தான் மிஞ்சும். அப்போதும் சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் வயிறு உப்பும்; காலையில் மூன்று தடவை கழிப்பறைக்குப் போகவேண்டி வரும்; வெளியூர்ப் பயணம் என்றால் முதல் நாளிலிருந்தே பட்டினி. இத்தனை பொருள்களை விட்ட பிறகும் நோய் அப்படியே இருக்கும், உடம்பு மட்டும் இளைத்திருக்கும்.

அந்தப் பட்டியலைக் குறைப்பதுதான் இந்த அத்தியாயத்தின் வேலை. சிலவற்றைக் கொஞ்ச காலம் நிறுத்திப் பார்க்க வேண்டியிருக்கும். ஆனால் அது எது ஒத்துக்கொள்கிறது, எவ்வளவு ஒத்துக்கொள்கிறது என்று கண்டுபிடிக்கச் செய்யும் சோதனை. சோதனை முடிந்ததும் முடிந்தவரை எல்லாம் தட்டுக்குத் திரும்பியாக வேண்டும். இதை ஆரம்பத்திலேயே மனதில் வைத்துக்கொள்ளாதவர்கள்தான் வருடக்கணக்கில் அரைகுறைச் சாப்பாட்டில் மாட்டிக்கொள்கிறார்கள்.

நோய் எது என்று முதலில் தெரியட்டும்

தமிழ்நாட்டில் மேல்வயிற்றில் எரிந்தால் ‘அல்சர்’, நடுவயிறு உப்பினால் ‘கேஸ்’. மருந்துக் கடையில் கேட்டால் பான்டோபிரசோல் அட்டை ஒன்று கிடைக்கும். பலர் அதைக் காலையில் வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டு ஆண்டுகளைக் கடத்துகிறார்கள். உண்மையான வயிற்றுப் புண்ணுக்குப் பெரும்பாலும் ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற கிருமியோ, தொடர்ந்து சாப்பிடும் வலி மாத்திரைகளோதான் காரணம். அந்தக் கிருமியைக் கண்டறிந்த ஆஸ்திரேலியர்கள் பேரி மார்ஷலுக்கும் ராபின் வாரனுக்கும் 2005-இல் நோபல் பரிசு கிடைத்தது. அவர்களின் வேலையால் தெரிந்த முக்கியமான உண்மை, கிருமியால் வந்த புண்ணுக்கு ஆன்டிபயாடிக் கொடுத்துக் கிருமியை ஒழிக்க வேண்டும் என்பது. சாப்பாட்டை எவ்வளவு கட்டுப்படுத்தினாலும் அந்தக் கிருமி போகாது.

இங்கே பேசப்போவது அதைவிடப் பரவலான ஒரு தொல்லையைப் பற்றி. டாக்டர்கள் ஐ.பி.எஸ். என்பார்கள், தமிழில் குடல் எரிச்சல் நோய் என்று எழுதுகிறார்கள். 2016-இல் வெளியான ‘ரோம் 4’ வரையறையின்படி, கடைசி மூன்று மாதங்களில் சராசரியாக வாரத்துக்கு ஒரு நாளாவது வயிற்றுவலி இருக்க வேண்டும். அந்த வலி மலம் கழிப்பதோடு தொடர்புடையதாக இருப்பது, மலம் போகும் தடவை மாறியிருப்பது, மலத்தின் தன்மை மாறியிருப்பது ஆகிய மூன்றில் இரண்டாவது சேர்ந்திருக்க வேண்டும். தொல்லை தொடங்கி ஆறு மாதமாவது ஆகியிருக்க வேண்டும். ஸ்கேனிலும் எண்டோஸ்கோப்பியிலும் ஒன்றும் தெரியாது. ‘எல்லாம் நார்மல்’ என்று சொல்லி அனுப்பிவிடுவதால், தான் கற்பனை செய்கிறோமோ என்று நோயாளியே சந்தேகப்படும் நிலை வருகிறது. வலி கற்பனையில்லை.

சில அறிகுறிகள் இருந்தால் இந்த அத்தியாயத்தை மூடிவைத்துவிட்டு முதலில் வயிறு-குடல் நிபுணரைப் பார்க்க வேண்டும். மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, ரத்தசோகை, விடாத காய்ச்சல், தூக்கத்திலிருந்து எழுப்பிவிடும் பேதி, விழுங்கச் சிரமம், 45 அல்லது 50 வயதுக்குப் பிறகு புதிதாகத் தொடங்கிய மாற்றம், குடும்பத்தில் குடல் புற்றுநோய். நம் நாட்டில் குடல் காசநோயும் உண்டு. அதுவும் குரோன்ஸ் நோயும் ஆரம்பத்தில் வெறும் வயிற்றுவலி போலவே இருக்கும். இவற்றை உணவு மாற்றத்தால் சரிசெய்யப் பார்த்தால் நாள்தான் வீணாகும்.

கோதுமையை நிறுத்திப் பார்க்கலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கோதுமைப் புரதமான குளூட்டனுக்கு உடம்பே எதிர்ப்புக் காட்டும் சீலியாக் நோய் இருக்கிறதா என்று பார்க்க ஒரு ரத்தப் பரிசோதனை உண்டு. கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எடுத்தால்தான் அதன் முடிவை நம்ப முடியும். நிறுத்திய பிறகு எடுத்தால் நோய் இருந்தும் இல்லை என்று வரலாம். எனவே பரிசோதனை முதலில், நிறுத்துவது பிறகு.

வயிற்றுக்குள் நடப்பது

1973-இல் பிரிட்டனில் வெளியான ஓர் ஆய்வு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. குடலின் கடைசிப் பகுதிக்குள் சிறு பலூனைச் செலுத்தி ஊதிப் பார்த்தார்கள். ஐ.பி.எஸ். உள்ளவர்களில் பாதிப் பேருக்கு மேல் வலித்த அளவில், மற்றவர்களில் மிகச் சிலருக்கே வலித்தது. பின்னாளில் எம்.ஆர்.ஐ. மூலம் பார்த்தபோதும் இதை ஒட்டிய முடிவே கிடைத்தது: ஒரே உணவைச் சாப்பிட்ட பின் இரு தரப்பினரின் குடலிலும் வாயு ஏறக்குறைய ஒரே அளவில்தான் சேர்ந்தது, துன்பப்பட்டவர்கள் மட்டும் வேறு. ஆக இந்த நோயில் குடல் நரம்புகளின் உணர்ச்சிதான் கூடியிருக்கிறது. கடுமையான பேதிக் கிருமி ஒன்று வந்துபோன பிறகு, சுமாராகப் பத்தில் ஒருவருக்கு இப்படிப்பட்ட குடல் மிஞ்சிவிடுகிறது. ‘அந்தக் கல்யாணச் சாப்பாட்டுக்கு அப்புறம்தான் எனக்கு வயிறே கெட்டது’ என்று சொல்பவர்களில் பலர் சொல்வது உண்மை.

நோயாளிகள் பெரும்பாலும் தப்பான பொருள் மேல் பழி போடுகிறார்கள். காரணம் நேரக்கணக்கு. மாலை ஆறு மணிக்கு ஒரு பஜ்ஜி சாப்பிட்டு ஆறரைக்கு வயிறு உப்பினால் பஜ்ஜி மேல் கோபம் வரும். ஆனால் சாப்பாடு பெருங்குடலை எட்டவே நான்கிலிருந்து ஆறு மணி நேரம் ஆகலாம். அங்கேதான் பாக்டீரியாக்கள் அதை நொதிக்க வைத்து வாயுவாக்குகின்றன. ஆறரை மணி உப்புசத்துக்கு மதியச் சாம்பார் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

அப்படியானால் சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் கழிப்பறைக்கு ஓடுவது எதனால்? அது வேறு விஷயம். இரைப்பை நிறைந்ததும் பெருங்குடலுக்கு ‘இடம் கொடு’ என்று நரம்பு வழியாகச் செய்தி போகும். எல்லோருக்கும் உள்ள இயல்பு இது, காலையில் பலமாக இருக்கும். ஐ.பி.எஸ். உள்ளவர்களுக்கு இது அளவுக்கு மீறி வேலை செய்யும். இதைத் தூண்டுவது பெரிய சாப்பாடு, கொழுப்பு, காபி, பதற்றம். ஆகவே அரை மணிக்குள் கழிப்பறைக்கு ஓடவைக்கும் தொல்லைக்குச் சாப்பிட்ட அளவையும் எண்ணெயையும் பார்க்க வேண்டும். பல மணி நேரம் கழித்து வரும் தொல்லைக்கு முந்தைய வேளையில் என்ன இருந்தது என்று பார்க்க வேண்டும். இந்த ஒரு பிரிவினையிலேயே பாதிக் குழப்பம் தீரும்.

முதல் நான்கு வாரம்

எதையும் நிறுத்தும் முன் இரண்டு வாரம் குறிப்பேடு எழுதுவது நல்லது. ஒரு கோடு போட்ட நோட்டு போதும். சாப்பிட்ட நேரம், பொருள், கரண்டிக் கணக்கில் அளவு, வயிற்றில் என்ன நடந்தது, எப்போது, முந்தைய இரவு எத்தனை மணி நேரத் தூக்கம். பெண்கள் மாதவிடாய் நாள்களையும் குறிக்க வேண்டும், அந்த நாள்களில் ஐ.பி.எஸ். கூடுவது சகஜம். மலத்தைப் பற்றி எழுதக் கூச்சப்படுபவர்களுக்குப் பிரிஸ்டல் அளவுகோல் உதவும். 1997-இல் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் உருவானது. ஆட்டுப் புழுக்கை போலக் கெட்டியாகப் போனால் 1, வெறும் தண்ணீராகப் போனால் 7, சிரமமில்லாமல் போவது 3 அல்லது 4. நோட்டில் ஓர் எண் எழுதினால் போதும், டாக்டருக்கும் புரியும்.

அடுத்தது சாப்பிடும் முறை. இதைச் சொன்னால் ‘இவ்வளவுதானா’ என்று பலருக்கு ஏமாற்றமாக இருக்கும். 2015-இல் ஸ்வீடனில் 75 ஐ.பி.எஸ். நோயாளிகளை இரு பிரிவாக்கி நான்கு வாரம் பார்த்தார்கள். ஒரு பிரிவுக்கு, பின்னால் வரப்போகும் கடினமான ஃபோட்மேப் உணவுமுறை. இன்னொரு பிரிவுக்கு வழக்கமான எளிய அறிவுரை: நேரத்துக்குச் சாப்பிடு, கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடு, மென்று சாப்பிடு, கொழுப்பையும் காபியையும் குறை, அவரை இனங்கள், முட்டைகோஸ், வெங்காயம் போன்றவற்றைக் குறை. இரண்டிலும் ஏறக்குறைய பாதிப் பேருக்குக் குணம் தெரிந்தது. எளிய வழியில் பாதிப் பேர் தேறும்போது எடுத்த எடுப்பிலேயே கடினமானதற்குப் போவானேன்?

காலையில் ஒரு காபியோடு கிளம்பி, மதியம் மூன்று மணிக்கு மேல் டிபன் பாக்ஸைத் திறந்து, இரவு பத்தரைக்கு வயிறு முட்டச் சாப்பிட்டுப் படுக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். சென்னையிலும் கோவையிலும் வேலைக்குப் போகும் ஏராளமானோரின் நாள் இதுதான். அவர் மாற்ற வேண்டியது பொருள்களை அல்ல. காலையில் இரண்டு இட்லி, பதினொன்றரைக்கு ஒரு பழம், ஒன்றரைக்கு மதிய உணவு, மாலையில் ஒரு சிறு சிற்றுண்டி, எட்டரைக்குள் இரவு உணவு என்று ஒரே சாப்பாட்டை ஐந்தாகப் பிரித்தால், நான் மேலே சொன்ன ‘இடம் கொடு’ செய்தியின் பலம் குறையும். நெஞ்செரிச்சலும் எதுக்களிப்பும் சேர்ந்து இருந்தால், இரவு உணவுக்கும் படுக்கைக்கும் நடுவே இரண்டு மூன்று மணி நேர இடைவெளியும், கட்டிலின் தலைமாட்டை உயர்த்திவைப்பதும் உதவும். விரதமிருந்து மாலையில் ஒரேயடியாகச் சாப்பிடும் பழக்கம் உள்ளவர்கள், விரதத்தை முடிக்கும் வேளையை இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாம்.

காபி, டீ இரண்டும் சேர்த்து நாளைக்கு மூன்று கோப்பைக்குள் இருக்கட்டும் என்பது பிரிட்டனின் நைஸ் அமைப்பு தரும் வழிகாட்டுதல். அதே வழிகாட்டுதல் பழத்தையும் ஒரு வேளைக்கு 80 கிராம் வீதம் மூன்று வேளைக்குள் வைக்கச் சொல்கிறது. ‘பழம்தானே’ என்று ஒரு கிண்ணம் தர்பூசணியை ஒரே மூச்சில் சாப்பிடுவது இந்தக் குடலுக்குப் பெரிய சுமை.

மிளகாயைப் பற்றி. காரத்தைத் தரும் கேப்சைசின், குடல் நரம்பில் சூட்டையும் வலியையும் உணரும் அதே வாயிலைத் தட்டுகிறது. ஐ.பி.எஸ். உள்ளவர்களில் சிலருக்கு அந்த வாயில்கள் குடலில் அதிகமாகவே இருப்பது திசுப் பரிசோதனையில் தெரிந்திருக்கிறது. நான்கு வாரத்துக்கு வற்றல் மிளகாயையும் பச்சை மிளகாயையும் பாதியாக்கி, அந்த இடத்தில் மிளகு, சீரகம், இஞ்சி போட்டுப் பார்ப்பது நியாயமான சோதனை. வலி குறையவில்லை என்றால் மிளகாய் பழையபடி வரலாம்.

நார்ச்சத்து விஷயத்தில் நம்மிடையே ஒரு பெரிய தவறான எண்ணம் இருக்கிறது. மலச்சிக்கலா, தவிடு சாப்பிடு என்பார்கள். 2009-இல் நெதர்லாந்தில் 275 ஐ.பி.எஸ். நோயாளிகளைப் பன்னிரண்டு வாரம் கவனித்தபோது, இசப்கோல் எடுத்தவர்களுக்கு நிவாரணம் கிடைத்தது. கோதுமைத் தவிடு எடுத்த பிரிவில்தான் தொல்லை கூடிப் பாதியில் விலகியவர்கள் அதிகம். இசப்கோல் உமி தண்ணீரை இழுத்து வழவழப்பாகும் நார். மலச்சிக்கல், பேதி இரண்டுக்கும் பொருந்தும். குஜராத்தில் விளைந்து உலகமெங்கும் போகும் இந்தப் பொருள் நம் ஊர் மருந்துக் கடையில் மலிவாகவே கிடைக்கிறது. ஒரு டீஸ்பூனில் தொடங்கி, ஒரு பெரிய டம்ளர் தண்ணீரில் கலந்து கெட்டிப்படும் முன் குடித்துவிட வேண்டும். தண்ணீர் குறைந்தால் தொண்டையிலோ குடலிலோ அடைக்கும். மற்ற மாத்திரைகளுக்கும் இதற்கும் இரண்டு மணி நேர இடைவெளி தேவை.

அப்படியும் தீராதவர்களுக்கு

மெல்போர்னிலுள்ள மோனாஷ் பல்கலைக்கழகத்தில் பீட்டர் கிப்சனும் சூ ஷெப்பர்டும் 2005-இல் ஃபோட்மேப் என்ற பெயரை அறிமுகப்படுத்தினார்கள். சிறுகுடலில் முழுதாக உறிஞ்சப்படாத சில குட்டைச் சர்க்கரைகளின் கூட்டுப் பெயர் அது. அவை சிறுகுடலில் தண்ணீரை இழுத்துவைக்கும். பெருங்குடலுக்குப் போனதும் வாயுவாகும். வெங்காயம், பூண்டு, கோதுமையில் ஃபிரக்டான், பருப்பு, கடலை, ராஜ்மாவில் கேலக்டன், பாலில் லாக்டோஸ், மாம்பழம், தேன், ஆப்பிள், தர்பூசணியில் மிகுதியான ஃபிரக்டோஸ், காலிஃபிளவர், காளானிலும் சர்க்கரையில்லா இனிப்புகளிலும் பாலியால்.

இவற்றைக் குறைத்தால் பலன் உண்டா? 2014-இல் வெளியான மோனாஷ் ஆய்வில் 30 நோயாளிகள் 21 நாள் வழக்கமான ஆஸ்திரேலிய உணவையும், 21 நாள் ஃபோட்மேப் குறைந்த உணவையும் சாப்பிட்டார்கள். எல்லாச் சாப்பாடும் ஆய்வுக்கூடமே சமைத்துக் கொடுத்தது. குறைந்த உணவில் தொல்லையின் அளவு ஏறக்குறைய பாதியானது. நலமாக இருந்த எட்டுப் பேரும் அதே உணவுகளைச் சாப்பிட்டார்கள். அவர்களுக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை.

கோதுமைப் பிரச்சினைக்கும் இதில் ஒரு விடை கிடைக்கிறது. குளூட்டன் ஒத்துக்கொள்ளவில்லை என்று தாங்களாகவே விலக்கியிருந்த, சீலியாக் நோய் இல்லாத 59 பேருக்கு நார்வேயில் குளூட்டன், ஃபிரக்டான், இரண்டுமில்லாதது என மூன்று விதத் தின்பண்டங்களை எது எதுவென்று சொல்லாமல் கொடுத்தார்கள். 2018-இல் வெளியான முடிவு: வயிற்றைக் கிளப்பியது ஃபிரக்டான்தான். தமிழ்நாட்டில் சர்க்கரை நோய் வந்ததும் இரவுச் சாப்பாடு சப்பாத்திக்கு மாறிவிடும். அந்த மாற்றத்துக்குப் பின் உப்புசம் தொடங்கியவர்கள், சப்பாத்தியை நிறுத்தி அளவான சாதத்துக்கு இரண்டு வாரம் திரும்பிப் பார்க்கலாம். சர்க்கரைக்குச் சாதத்தின் அளவும் கூட இருக்கும் காயும்தான் முக்கியம். அதைத் தங்கள் டாக்டரிடம் பேசி வரையறுத்துக்கொள்ள வேண்டும்.

அரிசி சாப்பிடும் நமக்கு இந்த முறையில் ஒரு பெரிய அனுகூலம் உண்டு: அரிசியில் ஃபோட்மேப் கிட்டத்தட்ட இல்லை. முட்டை, மீன், கோழி, ஆட்டிறைச்சியிலும் இல்லை. கேரட், பீன்ஸ், வெண்டைக்காய், கத்தரிக்காய், வெள்ளரிக்காய், தக்காளி, உருளைக்கிழங்கு, பசலைக்கீரை ஒரு வேளை அளவில் பாதகமில்லை. ‘வாய்வு’ என்று வருடக்கணக்காக ஒதுக்கிவைத்த உருளைக்கிழங்கு இதனால் உடனே திரும்பலாம், எண்ணெயில் பொரிக்காத வரை. பழங்களில் பப்பாளி, ஆரஞ்சு, அன்னாசி, நன்கு பழுத்த கொய்யா. வாழைப்பழம் கனியக் கனிய ஃபிரக்டான் கூடும். கொஞ்சம் கெட்டியாக இருப்பது மேல். முந்திரியை விட்டு நிலக்கடலைக்கு மாறலாம்.

சிக்கல் சாம்பாரில்தான். துவரம்பருப்பு, கை நிறையச் சின்ன வெங்காயம், சில வீடுகளில் பூண்டும். தனித்தனியாகத் தாங்கக்கூடியவை ஒரே கிண்ணத்தில் சேர்ந்து அளவைத் தாண்டுகின்றன. பிறகு அதே வேளையில் வெங்காயம் வதக்கிய பொரியல், பூண்டு ரசம். வெங்காயமும் பூண்டும் இல்லாமல் ருசி வருமா என்று கேட்பவர்களுக்குக் கோயில் மடப்பள்ளியும் திவசச் சமையலும் பதில் சொல்லும். அவை இரண்டுமே இல்லாமல் தலைமுறை தலைமுறையாக ருசியாக நடந்துவரும் சமையல்கள். மிளகு, சீரகம், இஞ்சி, கறிவேப்பிலை, பெருங்காயம், கொஞ்சம் தேங்காய் போதும். பாசிப்பருப்பைக் குறைவாகப் போட்ட வெண்பொங்கல், முந்திரி இல்லாமல், நெய் ஒரு ஸ்பூனோடு, இந்த வாரங்களுக்கு ஏற்ற காலை உணவு. கடைப் பெருங்காயத்தூளில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். ஒரு சிட்டிகையில் அது ஐ.பி.எஸ்.ஸைக் கெடுக்காது, சீலியாக் நோயாளிக்கு மட்டும் ஆகாது.

பூண்டு வாசம் வேண்டுமென்றால் வழி இருக்கிறது. ஃபிரக்டான் தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. நல்லெண்ணெயில் நாலைந்து பல்லை முழுதாகப் போட்டுச் சிறு தீயில் பொன்னிறமாகும் வரை விட்டு, பூண்டை எடுத்துவிட்டு, அந்த எண்ணெயில் கடுகு தாளிக்கலாம். வாசம் எண்ணெயில் தங்கும், சர்க்கரை பூண்டோடு போய்விடும். ரசத்தில் பூண்டைத் தட்டிப்போட்டு, சாப்பிடும்போது ஒதுக்கிவைப்பதால் பயனில்லை. சர்க்கரை அதற்குள் ரசத்தில் இறங்கியிருக்கும். இந்த எண்ணெயை அன்றன்றைக்குச் செய்துகொள்ள வேண்டும். பாட்டிலில் ஊற்றி மேடையில் வைத்தால் பாட்டுலினம் என்ற ஆபத்தான கிருமி வளர இடமுண்டு. வெங்காயத்துக்கு மாற்றாக வெங்காயத்தாளின் பச்சைப் பகுதி.

கடலை, மொச்சை, ராஜ்மாவை இரவு முழுக்க ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவைத்தால் கேலக்டனில் ஒரு பகுதி போய்விடும். முளைகட்டினாலும் குறையும். இட்லி மாவு புளிக்கும்போது உளுந்தின் சர்க்கரையில் ஒரு பகுதியை நுண்ணுயிர்களே தின்றுவிடுகின்றன. வடை ஒத்துக்கொள்ளாதவருக்கும் இட்லி ஒத்துக்கொள்வதற்கு எண்ணெயோடு இதுவும் ஒரு காரணம்.

பால் பலர் நினைப்பதைவிடச் சுலபமான விஷயம். தென்னிந்தியரில் பெரும்பாலோருக்கு வளர்ந்த பிறகு லாக்டோஸைச் செரிக்கும் நொதி குறைந்துவிடுகிறது. ஆனாலும் அவர்களில் பெரும்பாலானோர் ஒரே வேளையில் 12 கிராம் லாக்டோஸ் வரை, குறிப்பாகச் சாப்பாட்டோடு சேர்த்தால், தாங்குகிறார்கள். 200 மில்லி பாலில் ஏறக்குறைய பத்து கிராம் இருக்கும். ஒரு டம்ளர் காபியில் விடும் பால் அதில் பாதிதான். தயிரிலுள்ள உயிருள்ள நுண்ணுயிர்கள் லாக்டோஸைச் செரிக்க உதவும்; நீர்மோரில் அளவே குறைவு; நெய்யில் கிட்டத்தட்ட இல்லை. பாலையும் மோரையும் சேர்த்து விட்டவர்கள் கால்சியத்தை வீணாக இழக்கிறார்கள்.

ஃபில்டர் காபியில் பாலைவிடச் சந்தேகப்பட வேண்டியது சிக்கரி. அதன் வேரில் நிறைந்திருக்கும் இனுலின் ஒரு ஃபிரக்டான். வறுக்கும்போது கொஞ்சம் சிதையும்; மிச்சம் டிகாக்‌ஷனில் கரைந்து வரும். காபி-சிக்கரிக் கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக்கூடாது என்பது இந்திய விதி, அதாவது பாதிக்குச் சற்றுக் குறைவாகச் சிக்கரி இருக்க இடமுண்டு. பாக்கெட்டில் விகிதம் அச்சிட்டிருக்கும். கலப்பில்லாத பொடியில் இரண்டு வாரம் போட்டுக் குடித்துப் பார்த்தால், குற்றவாளி பாலா, சிக்கரியா, காபியேதானா என்று பிரித்தறியலாம். காபி எந்த வடிவிலும் பெருங்குடலை உடனே அசைக்கும், கஃபீன் நீக்கியதும்கூட.

சர்க்கரை நோயாளிகள் வாங்கும் ‘சுகர் ஃப்ரீ’ பிஸ்கட், மிட்டாய், சூயிங்கம், சில டானிக் பாட்டில்களின் பின்புறம் ஐ.என்.எஸ். 420, 421, 965 என்ற எண்கள் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். முறையே சார்பிட்டால், மானிட்டால், மால்டிட்டால். மூன்றுமே பாலியால். காரணம் தெரியாத பேதிக்கு ஒரு மிட்டாய்ப் பொட்டலம் காரணமாக இருப்பதுண்டு.

திரும்பச் சேர்க்கும் முறை

கட்டுப்பாடு இரண்டிலிருந்து ஆறு வாரம். அதற்குள் குணம் தெரியவில்லை என்றால் ஃபோட்மேப் காரணமில்லை; அப்படியே விட்டுவிட்டு வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பி, டாக்டரிடம் வேறு வழி கேட்க வேண்டும். குணம் தெரிந்தாலும் அங்கேயே தங்கிவிடக்கூடாது. இந்தச் சர்க்கரைகள்தாம் குடலிலுள்ள நல்ல பாக்டீரியாக்களின் உணவு. சில வாரக் கட்டுப்பாட்டிலேயே பிஃபிடோபாக்டீரியா குறைந்ததை லண்டன் ஆய்வாளர்கள் 2012-இல் காட்டினார்கள். எடை குறைந்தவர்கள், கர்ப்பிணிகள், குழந்தைகள், சாப்பாட்டையே கண்டு பயப்படும் நிலைக்கு வந்தவர்கள் ஆகியோர் உணவியல் நிபுணரின் துணையில்லாமல் இதைத் தொடங்கவே வேண்டாம்.

சேர்ப்பது ஒரு நேரத்தில் ஒரு வகை மட்டும், மற்றதெல்லாம் கட்டுப்பாட்டிலேயே இருக்க. முதலில் பால்: முதல் நாள் அரை டம்ளர், மறுநாள் முக்கால், மூன்றாம் நாள் முழு டம்ளர். பிறகு இரண்டு மூன்று நாள் இடைவெளி. அடுத்து துவரம்பருப்பு: வேகவைத்த பருப்பு இரண்டு டேபிள்ஸ்பூன், அடுத்த நாள் கால் கப், பிறகு வீட்டில் வழக்கமாகச் சாப்பிடும் அளவு, மூன்று நாளும் வெங்காயமில்லாமல். சின்ன வெங்காயத்துக்கு ஒன்று, மூன்று, ஆறு என்று போகலாம். பூண்டைத் தனியாக, அரைப் பல்லில் தொடங்க வேண்டும். வெங்காயம் ஆகாத எல்லோருக்கும் பூண்டு ஆகாது என்றில்லை. பிறகு ஒரு சப்பாத்தி, இரண்டு, மூன்று. பிறகு மாம்பழத் துண்டுகள். தொல்லை வந்த அளவில் நிறுத்தி, அதற்கு முந்தைய அளவைத் தன் எல்லையாகக் குறித்துக்கொள்ள வேண்டும். பரீட்சை, அலுவலக நெருக்கடி, மாதவிடாய், சளிக்கு ஆன்டிபயாடிக் என்று ஏதாவது நடக்கும் வாரத்தில் சோதனை வேண்டாம், முடிவு குழம்பிவிடும்.

இப்படி ஆறு முதல் எட்டு வாரத்தில் ஒருவருக்கு அவருடைய கணக்கு கிடைக்கும். ஒருவருக்குப் பாலும் கோதுமையும் ஒரு சிக்கலுமில்லை, வெங்காயம் மூன்றைத் தாண்டக்கூடாது என்று வரலாம். இன்னொருவருக்குப் பருப்பு மட்டும் பாதி. எல்லாவற்றுக்கும் சேர்த்து வாழ்நாள் முழுக்கத் தடை என்று முடிவது அரிது.

அந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு கல்யாணப் பந்தியிலும் உட்காரலாம். இலையில் பருப்பு, சாம்பார், ரசம், வடை, பாயசம் என்று வரிசையாக வரும்போது, எது தன் எல்லைக்கு மேல் என்று தெரிந்தவர் அதில் ஒன்றை மட்டும் தேர்ந்து மற்றதைக் கைகாட்டி நிறுத்தலாம். வடை வேண்டுமென்றால் அன்றைக்குச் சாம்பாரைக் கொஞ்சமாக ஊற்றிக்கொண்டு, சாதத்துக்கு மோரும் பீன்ஸ் பொரியலும். உருளைக்கிழங்கு வறுவலை ஒரு கரண்டியோடு நிறுத்தினால் எண்ணெயும் மிஞ்சாது. பந்திக்கு முன் பட்டினி கிடப்பதுதான் பெரிய தவறு. காலியான வயிற்றில் ஒரே மூச்சாக இறங்கும் விருந்து குடலை உடனே உலுக்கும். காலையில் இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டே போக வேண்டும்.

வீட்டில் சமைப்பவருக்கும் இது தனி உலை வைக்கும் வேலையாகிவிடக்கூடாது. பருப்பு வெந்து, காய் சேர்த்து, புளி கரைத்து ஊற்றியதும், வெங்காயம் போடும் முன்பே நோயாளிக்குரிய பங்கைச் சிறு பாத்திரத்தில் எடுத்துவைத்துக் கொதிக்கவிடலாம். வதக்கிய வெங்காயத்தைக் கடைசியில் மற்றவர்கள் பங்கில் சேர்த்தால் போதும். கண்டறிந்த எல்லைகளைத் தேதியோடு எழுதி அடுப்படி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவைத்தால், சமைப்பவர் ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டியதில்லை. மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை, ஆகாது என்று குறித்தவற்றில் ஒன்றை மறுபடி சிறு அளவில் சோதிக்க வேண்டும். குடலின் தாங்குதிறன் மாறிக்கொண்டே இருப்பது, போன வருடம் ஆகாத வெங்காயம் இந்த வருடம் ஆகலாம்.